ஏழாவது ரிப், ஒன்பதாவது ரிவெட்

பரமசிவத்துக்குக் கை நீளம். முழுக்கைச் சட்டை எது வாங்கினாலும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிடும். கிருஷ்ணகிரியில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் பதினொரு வருடம் இருந்தான். அங்கே அந்தக் கைக்கு மரியாதை இருந்தது. மற்றவர்கள் ஸ்டூல் போட்டு ஏறுகிற இடத்தில் அவன் தரையில் நின்றபடியே கூரை ஓரத்துக்கு ரிவெட் அடிப்பான். "பரமசிவம் அடிச்சா பஸ்ஸு போனாலும் ரிவெட்டு போவாது" என்று ஒரு டிரைவர் சொன்னாராம். அதை அவன் மனைவி முனிலட்சுமி பலமுறை கேட்டிருக்கிறாள், அவன் வாயாலேயே.

2004இல் அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையில், இரண்டு பேர் உட்காரும் சிறு விமானங்களைக் கட்டும் தொழிற்சாலை ஒன்று ஆட்களை எடுத்தது. தகட்டு வேலையும் ரிவெட் வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். நேர்காணலில் எத்தனை ரிவெட் அடித்திருப்பாய் என்று கேட்டதற்கு, "லட்சத்த தாண்டும் சார்" என்றான். சேர்த்துக்கொண்டார்கள். பாகலூர் ரோட்டில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தைக் கொண்டுவந்தான்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவன்தான் மூத்தவன். சொல்லிக்கொடுத்தவர் ராயப்பன். ஓசூர்க்காரர், தரப் பரிசோதகர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். முதல் நாளே பரமசிவத்தின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி எடுத்தார்.

"இது எதுக்கு?"

"மார்க் பண்றதுக்கு சார்."

"அலுமினியத்துல பென்சில் கோடு போட்டா, கரி அந்த எடத்த உள்ளுக்குள்ளயே தின்னும். நாலு வருசத்துல கோடு போட்ட எடம் பொடி. தெரியுமா?"

"ஆணியில கிழிச்சிக்கறன் சார்."

"ஆணியா? அந்தக் கீறல்ல இருந்துதான் தகடு கிழிய ஆரம்பிக்கும். ஏனப்பா, பிளேன் கட்ட வந்தியா, பிரிக்க வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் கூடாது, ஆணி கூடாது என்று எழுதியிருப்பாள். அவன் அவமானம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. பரமசிவத்துக்குக் கெசியாவை அப்போதே பிடிக்காமல் போனது என்று சொல்லலாம்.

கெசியாவுக்கு இருபத்தொரு வயது. ஐ.டி.ஐ. முடித்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஆலை வேலைக்கு வந்தவர். அவள் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலிதான்.

ராயப்பன் ஒரு தகட்டைத் தூக்கிக் காட்டினார். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை வாழையிலைபோலத் தொங்கியது. அதே தகட்டை வளைத்து, உள்ளே குறுக்காக ரிப்புகள் வைத்து, நீளவாக்கில் முதுகெலும்புபோல ஒரு ஸ்பாரைக் கொடுத்து ரிவெட் அடித்த துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. பரமசிவத்தை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறினான். அசையவில்லை. குதி என்றார். குதித்தான்.

"பஸ்ஸுல இரும்புச் சட்டம் பாரம் தாங்குது, தகடு சும்மா சட்டை. இங்க தோலும் சேந்துதான் தாங்குது. பாரம் ஒரு ரிவெட்ல இருந்து பக்கத்து ரிவெட்டுக்குப் போகும். அதுல இருந்து அதுக்குப் பக்கத்துக்கு."

ஒவ்வொரு ரிப்பிலும் பெரிய வட்ட ஓட்டைகள் இருந்தன. ஓட்டையின் விளிம்பை உள்பக்கமாக மடித்து விட்டிருந்தார்கள். எடை குறைகிறது, மடிப்பினால் விறைப்பு கூடுகிறது என்றார் ராயப்பன். ஓட்டை போட்டதனால் பலம் கூடிய பொருளைப் பரமசிவம் அதுவரை பார்த்ததில்லை. அன்று மாலை சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை விரலால் தடவியபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏமய்யா, சோத்துல கல்லா?" என்றாள் முனிலட்சுமி. அவள் வேப்பனப்பள்ளிக்காரி, பேச்சில் தெலுங்கு எட்டிப்பார்க்கும்.

"இந்த ஓரம் மடிச்சிருக்கறதனாலதான்டி தட்டு வளையாம நிக்குது."

"அத கண்டுபுடிக்கத்தான் ஓசூருக்கு வந்தமா?"

விமானத்தின்மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

மூன்றாம் மாதம் தேர்வு. இரண்டு பட்டைத் தகடுகளைச் சேர்த்து இருபது ரிவெட் அடிக்க வேண்டும். ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றில் ஓடும் கன்னால் தலைப்பக்கம் அடிப்பார். மற்றவர் மறுபக்கம் ஒரு கனத்த இரும்புத் துண்டை, துருத்தி நிற்கும் ரிவெட்டின் வாலுக்கு அண்டக் கொடுத்துப் பிடிப்பார். அந்தத் துண்டுக்குப் பெயர் பார். அந்த அதிர்ச்சியில் வால் நசுங்கிக் குமிழாகும். குமிழ் இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று கணக்கு உண்டு. குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

கெசியாவின் இருபதும் சரியாக இருந்தன. பரமசிவத்தின் பட்டையை ராயப்பன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது ரிவெட் இல்ல சுவாமி. தோசை."

பதினான்கு தோசைகள். பதினொரு வருடமாக அவன் கை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் அடி. இங்கே அந்த இன்னும் கொஞ்சம்தான் கூடாது. கெசியா கன்னைப் பிடிக்கும்போது பார்த்தான். பழகியவர் தோளில் கை வைப்பதுபோல் அதைத் தகட்டின்மேல் வைத்தாள். விசையை முக்கால் நொடி அழுத்தினாள், விட்டாள். அவ்வளவுதான். அது தன் கைக்கு ஏன் வரவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் மணிக்கட்டு அவனுடைய இரண்டு விரல் தடிமன்கூட இருக்காது.

கெசியாவுக்கு முத்திரை கிடைத்தது. நகம் அளவில் ஒரு ரப்பர் முத்திரை, உள்ளே 14 என்ற எண். அவள் முடித்த வேலையின் தாளில் அது விழும். பரமசிவத்தைக் கையை நீட்டச் சொன்னார் ராயப்பன். நீட்டினான்.

"அடேங்கப்பா. இந்தக் கைய கன்னுல வேஸ்ட் பண்ணலாமா? நீ பார் பிடி. இவ அடிக்கட்டும். ரெண்டு பேரும் வலது ரெக்கை."

அப்படித்தான் அவன் கெசியாவுக்கு மறுபக்கத்து ஆளானான்.

இறக்கையை ஜிக் என்ற சட்டத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். பச்சை பிரைமர் பூசிய ரிப்புகளின்மேல் தகட்டை வைத்து, ஓட்டைக்கு ஓட்டை ஸ்பிரிங் ஊசிகளால் தற்காலிகமாகப் பிடித்துவைப்பார்கள். அப்புறம் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் ரிவெட் அடித்துப் போக வேண்டும். ஓரத்திலிருந்து வந்தால் தகடு நடுவில் உப்பிக்கொள்ளும். கெசியா மேல்தகட்டின் பக்கம் நிற்பாள். பரமசிவம் கீழ்த்தகட்டின் பக்கம், கையளவு ஓட்டைக்குள் தோள்வரை விட்டு, கன்னத்தைத் தகட்டில் ஒட்டவைத்து நிற்பான். நடுவில் இறக்கை. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. காதில் இரைச்சலுக்கான உறை இருப்பதால் பேசினாலும் கேட்காது. பேச்சு தட்டுவதில்தான். அவள் அடித்து நிறுத்துவாள். அவன் கட்டைவிரலால் குமிழைத் தடவிப் பார்த்துப் பாரால் தகட்டைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சரி, அடுத்ததுக்குப் போ. இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம். மூன்று என்றால் கெட்டுவிட்டது, துளையிட்டு எடு.

இரண்டே மாதத்தில் அந்த ஜோடிக்குப் பெயர் வந்தது. பெயர் என்றால் கெசியாவுக்கு. இன்ஜினியர்கள் வந்தால் மேல்தகட்டின் பக்கம் நிற்பார்கள், விரலால் வரிசையைத் தடவுவார்கள், குட் கெசியா என்பார்கள். மறுபக்கம் யாரும் வருவதில்லை. கன்னத்தை ஒட்டியபடி பரமசிவம் அந்த குட்களை எண்ணுவான். ஒரு வாரத்தில் ஒன்பது. குமிழைத் தடவிப் பார்த்தது யார் விரல் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

தொழிற்சாலையின் வருட மலருக்காக ஒருவர் வந்து படம் எடுத்தார். பத்திரிகை வந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போனான். கெசியா, கண்ணாடி, கன், பளபளக்கும் இறக்கை. முனிலட்சுமி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ எங்கய்யா?"

"ரெக்கைக்கு அந்தாண்ட."

"அந்தாண்ட நிக்கறதுக்கா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சி சோறு கட்டறன்?" கொஞ்சம் உற்றுப் பார்த்தவள், "இதா, கீழ ஒரு செருப்பு தெரியுது பாரு" என்றாள்.

"செருப்பு இல்ல, சேஃப்டி ஷூ."

"மூஞ்சி இன்னும் நல்லா இருக்கும்ல" என்று பத்திரிகையை மடித்து வைத்தாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவனுக்கு அப்படி விழவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது, ராயப்பன் ஏற்படுத்தியது. ஒரு விமானம் எல்லாச் சோதனையும் முடிந்து ஒப்படைக்கத் தயாரானதும், அதன் இறக்கையை யார் முத்திரை போட்டு மூடினார்களோ அவரைப் பைலட் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போவார்கள். பதினைந்து நிமிடம். "தான் கட்டினதுல தான் ஏறணும். அப்பத்தான் கை சுத்தமா இருக்கும்" என்பார் ராயப்பன். இடது இறக்கை, வலது இறக்கை என்று முறைவைத்துக்கொண்டார்கள். முதல் விமானத்தில் இடது இறக்கைக்காரர் மாதவன் போய்வந்து, பத்து நாள் அதையே பேசினார். அடுத்த முறை வலது இறக்கைக்கு.

பார் பிடித்தவரைப் பற்றி அந்த வழக்கத்தில் ஒன்றும் இல்லை.

"அண்ணே, மேலருந்து எங்க சர்ச்சு தெரியுமாண்ணே?" என்று கெசியா சாப்பாட்டு இடைவேளையில் கேட்டாள். "அப்பா மாடியில நின்னு துண்ட ஆட்டுதேன்னு சொல்லுதாவ."

"எனக்கு இன்னா தெரியும். நானா போவப் போறன்."

"ஏண்ணே, நீங்களுந்தான ரெக்கை செஞ்சீங்க. ரெண்டு சீட்டுதான் இருக்குன்னு பார்க்கேன். இல்லன்னா மடியிலயாவது ஒக்காத்தி வச்சிக் கூட்டிட்டுப் போவேன்."

மேசையே சிரித்தது. பரமசிவமும் சிரித்தான். டப்பாவைப் பாதியிலேயே மூடினான்.

அந்த வலது இறக்கையின் கடைசித் தகட்டை அடித்தது ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஏழாவது ரிப். இந்தத் தகட்டோடு இறக்கை மூடுகிறது. கெசியா எட்டு ரிவெட் அடித்துவிட்டாள், எட்டுத் தடவையும் ஒரு தட்டு. ஒன்பதாவதற்கு அவன் கை ஒரு தாங்கியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. விரல் வியர்த்திருந்தது. கன் இரைந்த அதே நொடியில் பார் வழுக்கிச் சாய்ந்தது. கட்டைவிரலால் தடவினான். குமிழ் இல்லை. வால் ஒருபக்கமாக மடிந்து தகட்டில் படுத்திருந்தது.

மூன்று தட்டு தட்ட வேண்டும்.

அவன் கை ஒரு தட்டுத் தட்டியது.

ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறான். அவன் அப்படித் திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. ராயப்பன் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டு எப்படியும் பார்ப்பார், மடிந்ததைக் கண்டுபிடிப்பார், அதன்மேல் விழப்போவது 14 என்ற முத்திரை. குட் கெசியாவுக்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்வார். இது முழுவதும் அந்த ஒரு தட்டுக்கு முன்னால் அவன் மனதில் ஓடியதா, தட்டிய பிறகு வந்து சேர்ந்துகொண்டதா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

மறுபக்கம் கன் உடனே அடுத்ததற்குப் போகவில்லை. ஒரு மூச்சு நேரம் நின்றது. அப்புறம் போனது.

மறுநாள் ராயப்பன் வந்தார். நீளக் கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டு ரிப் ரிப்பாகப் பார்த்தார். ஏழாவது ரிப்பில் கண்ணாடி தாங்கியில் இடித்தது. திருப்பிப் பார்த்தார், மறுபடியும் இடித்தது. கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் பார் பிடித்தவரின் விரலைத்தான் கேட்பது வழக்கம்.

"பரமசிவா, ஏழு, ஒன்பது?"

கெசியா பக்கத்தில் நின்றிருந்தாள். இல்லை என்றால், அப்போ ஏன் ஒரு தட்டு தட்டினாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"நல்லா இருக்கு சார்."

ராயப்பன் தலையாட்டினார். கெசியா முத்திரையை மையில் ஒற்றித் தாளில் வைத்தாள். அழுத்தி, ஒரு நொடி வைத்திருந்து எடுத்தாள்.

இறக்கை ஜிக்கிலிருந்து இறங்கியது. உடம்போடு போல்ட் போட்டுப் பூட்டினார்கள், போல்ட்டுகள் கழலாமல் கம்பி முறுக்கினார்கள், வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். எடை போட்டார்கள். பெயின்ட்டுக்கு அடியில் எல்லா ரிவெட்டும் ஒன்றுபோல் இருந்தன. பரமசிவத்துக்கு அந்த வாரங்களில் ஒருவிதச் சுகம் இருந்ததை மறைப்பதற்கில்லை. யாராவது அவளைப் புகழ்ந்தால் 'ஏழு, ஒன்பது' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வான். அவளுக்குத் தெரியாத ஒன்று அவளுடைய இறக்கைக்குள் இருந்தது, அது அவனுடையது.

பயமும் இருந்தது. அதற்கு ராயப்பன் சொன்ன பாடத்தையே மருந்தாக வைத்துக்கொண்டான். ஒரு ரிவெட் போனால் பக்கத்து ரிவெட் தாங்கும். எட்டும் பத்தும் நன்றாகத்தான் இருக்கின்றன. பைலட் தனியாக ஏழு தடவை பறந்துவிட்டு வந்தார். ஏழு தடவையும் இறக்கை இருந்தது.

பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். சனிக்கிழமை காலை, கெசியா. அவள் அதற்காகப் புதுச் சுடிதார் எடுத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பரமசிவம் ராயப்பனின் அறை வாசலில் போய் நின்றான்.

"சார், வலது ரெக்கையில ஏழாவது ரிப்பு, ஒன்பதாவது ரிவெட்டு மடிஞ்சி போச்சி. நான் ஒரு தட்டு தட்டிட்டன்."

அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் சொன்னானா, அவள் பறந்துவிடுவாளோ என்ற பயத்தில் சொன்னானா? வாசலில் நிற்கும்போது முதலாவதுதான் என்று உறுதியாக இருந்தது. ராயப்பன் பேனாவை மூடிவிட்டு, "நாளைக்குச் சுத்து இல்ல" என்றதும் அவன் நெஞ்சில் ஏதோ இலகுவானது. அப்போது அந்த உறுதி போய்விட்டது.

ராயப்பன் கத்தவில்லை. "எப்ப தெரியும்?"

"அப்பவே சார்."

"நான் கேட்டப்ப?"

"அப்பவும்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ஒண்டியா எடுத்து அடிக்க முடியுமா உன்னால?"

"முடியாது சார். ரெண்டு ஆளு வேணும்."

"அப்ப போய் அவகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

கெசியா கன்னைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை துடைத்தாள்.

"எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள். "அந்த அடிக்கு கன்னு கையில வேற மாதிரித் துள்ளிச்சு. நின்னேன். நீங்க ஒரு தட்டுத் தட்டுனிய. அண்ணன் சொல்லுதாவளேன்னு போய்ட்டேன்."

"கை தவறிப்போச்சிம்மா."

"பாரு தவறுனது சரி. தட்டுனதுமா தவறுச்சு?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். "நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அவள் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் அவனுக்கு இருந்த குறை.

மாலைக்குள் அடித்துவிட வேண்டும் என்றார் ராயப்பன். இப்போது இறக்கை படுத்திருந்தது. பரமசிவம் அதற்கடியில் பலகைமேல் மல்லாந்து, ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டான். மேலே கெசியா மெத்தை விரித்து அதன்மேல் சாய்ந்தாள். தலையின் மையத்தில் துளையிட்டு, தலையை மட்டும் நெம்பி எடுத்து, தண்டை ஊசியால் தட்டி உள்ளே தள்ள வேண்டும். ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ரிவெட் பிடிக்காது. தண்டு அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. மேலே ஓட்டையை அளந்த ராயப்பன், "அப்படியே இருக்கு, பெருசாகல" என்றார். அந்த நிலையிலும், மல்லாந்து கிடந்தபடி, அவள் கை எப்படி அவ்வளவு சுத்தமாக எடுத்தது என்று பரமசிவத்துக்கு எரிந்தது.

புது ரிவெட். கன் இரைந்தது. தடவினான். உருண்டையாக, தட்டையான மேல்பரப்போடு, கணக்காக இருந்தது. ஒரு தட்டு.

மேலே ஒன்றும் நடக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. கெசியா இறங்கி வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "கைய எடுங்க" என்றாள். வெளியே எடுத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையை உள்ளே விட்டாள். எட்டவில்லை. முழங்கை தாண்டி, தோள்வரை விட்டு, கழுத்தை வளைத்து முயன்றாள். அவள் விரல் எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆறாவது ரிப்பின் விளிம்பில் நிற்கும். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ராயப்பனைப் பார்த்தாள்.

"எனக்கு எட்டல சார். இதுக்கு நான் முத்திரை வைக்க மாட்டேன்."

ராயப்பனுக்கும் எட்டாது. அங்கிருந்த யாருக்கும் எட்டாது. அவர் பரமசிவத்தின் நீளக் கையைப் பார்த்தார்.

"சரி. நாளைக்குக் காலையில பைலட் தனியா ஒரு தடவை போவார். அவர் வந்ததும் நீ ஏறு பரமசிவா."

"நானா சார்?"

"அந்த ரிவெட் எப்படி இருக்குன்னு இந்த உலகத்துல உன் விரலுக்கு மட்டும்தான் தெரியும். நல்லா இருக்குன்னா ஏறு."

"சார், அது எஞ்சீட்டு" என்றாள் கெசியா.

"உனக்கு அடுத்த ரெக்கையில."

சனிக்கிழமை காலை வெயில் நன்றாக இருந்தது. பரமசிவம் வலது சீட்டில் உட்கார்ந்தான். முழங்கால் முன்பலகையில் இடித்தது. ஓடுதளத்தின் ஓரத்தில் எல்லோரும் நின்றார்கள். கெசியா வந்திருக்கவில்லை என்று நினைத்தான். அப்புறம் கடைசியில் நிற்பதைப் பார்த்தான். புதுச் சுடிதார் இல்லை, எப்போதும் போடும் நீலச் சட்டைதான்.

சக்கரம் தரையை விட்டதும் இறக்கை நுனி மெல்ல மேலே வளைந்தது. வளையும் என்று பாடத்தில் படித்திருந்தான், வளைந்து பார்த்ததில்லை. தகட்டில் வெளிச்சம் நெளிந்தது. நுனியிலிருந்து ரிப்புகளை எண்ணினான். ஏழு. அதில் ஒன்பது. வெள்ளிக்கிழமை இரவே அதன்மேல் பெயின்ட் தொட்டுவைத்திருந்தார்கள், ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். பைலட் கையை நீட்டி எதையோ காட்டினார், அவன் தலையாட்டினான், திரும்பவில்லை. விமானம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது வலது கையின் கட்டைவிரல் நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அவனை இறக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெட்டிய தகடுகளின் விளிம்பில் இருக்கும் பிசிறை அரத்தால் தேய்க்கும் மேசை. ஜோடி தேவையில்லாத வேலை. முத்திரைத் தேர்வு எழுத இரண்டு வருடத்துக்கு அனுமதி இல்லை. வீட்டில் பறந்தேன் என்று மட்டும் சொன்னான். முனிலட்சுமி அந்த வரிசையில் இருந்த ஆறு வீட்டுக்கும் அதைச் சொன்னாள்.

அடுத்த விமானம் தயாராவதற்குள் பாதுகாப்புக்கென்று ஒரு புது மேலாளர் வந்தார். ஒப்படைக்கும் விமானத்தில் தொழிலாளிகளை ஏற்றுவது விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் இல்லை. வழக்கம் நின்றது. மாதவன் போனார், பரமசிவம் போனான். அதோடு சரி.

கெசியா அவனிடம் பேசாமல் இருந்தது ஒன்றேகால் வருடம். 2006 தீபாவளி கழிந்து ஒரு நாள், சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவன் மேசைக்கு வந்தாள். எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மேலருந்து என்ன தெரிஞ்சுது?"

அரத்தை நிறுத்தினான். சொல்லவில்லை என்றால் எழுந்து போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

"எல்லாந்தான் தெரிஞ்சிது. டவுனு, ரோடு, லாரிங்க. உங்க சர்ச்சு கூட. அப்புறம் அந்த டேமு, இடது கைப்பக்கம்."

கெசியா நெற்றியைச் சுருக்கினாள். "இடது பக்கமாண்ணே? வடக்க ஏறிப் போனா டேமு வலது பக்கமில்லா வரணும்? அதே வழியா திரும்புனாத்தான இடது பக்கம்."

"திரும்பி வரச்சே சொல்றன்."

"திரும்பி வாரது அந்தப் பக்கம் சுத்தில்லா. தளி ரோட்டுக்கு மேல. மலையை ஒட்டி வந்து, தைலமரத் தோப்பத் தாண்டி எறங்கணும். பைலட் சார்ட்ட மேப்பு வாங்கிப் பாத்திருக்கேன்." விரலால் மேசைமேல் இருந்த அலுமினியப் பொடியில் கோடு இழுத்தாள். ஓடுதளம், டவுன், அணை, வளைவு. "இங்கன வச்சி ஒரு நிமிசம் சாயும். அப்பம் வலது சீட்டுல இருக்கவங்களுக்கு ஆத்துத் தண்ணி நேர கீழ தெரியும். காலையில எட்டரைக்கு வெயிலு இந்தப் பக்கமிருந்து அடிக்கும், தண்ணி பூராவும் மின்னும். கண்ணு கூசும். கூசிச்சாண்ணே?"

பரமசிவம் பொடியில் இருந்த கோட்டைப் பார்த்தான்.

"நான் ரெக்கையத்தான் பாத்துகினு இருந்தன்" என்றான்.

"முழுக்கவா?"

"முழுக்க."

அவள் திட்டவில்லை. விரலை மறுபடி பொடியில் வைத்தாள்.

"டேமத் தாண்டுனா அப்பா நிக்க மாடி" என்று ஆரம்பித்தாள். "மஞ்சத் துண்டு. முதல்ல தெரியாது. சர்ச்சுச் சிலுவைய வச்சி அடையாளம் பிடிக்கணும், அதுலருந்து மூணாவது மாடி. துண்டு தெரிஞ்ச ஒடனே தாண்டிரும். மூணு எண்ணுகதுக்குள்ள. அப்புறம் குடோன் கூரையா வரும், வரிசையா, சிமென்ட் சீட்டு..."

அவள் விரல் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் விரல் வளைந்தது, தோளும் கூடவே சாய்ந்தது. பரமசிவம் அரத்தைக் கையில் வைத்தபடி கேட்டான். அவள் போய்க்கொண்டிருந்த அந்தச் சுற்றில் தனக்கு ஒரு சீட்டு இல்லையே என்று வயிறு எரிந்தது.